கொலோன் பேராலயத்துக்குள்: 16–35 ஜூமா, 35 பிரைமா?

ஜெர்மனிப் பயணத்தில் கொலோன் பேராலயத்துக்கு இரண்டு லென்ஸ்களோடு போனேன்: 16–35 மி.மீ. எஃப்/4 ஜூம் (காட்சிக் கோணத்தை மாற்றலாம்), 35 மி.மீ. எஃப்/1.8 பிரைம் (கோணம் மாறாது). மி.மீ. குறைந்தால் காட்சி அகலும்; எஃப் எண் குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும். கேமரா ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்). இனி இத்தனை உயரமான தேவாலயம் என்றால் ஜூம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

விலையிலும் எடையிலும் பிரைம்தான் வசதி. வெளிச்சத்திலும் அதன் கைதான் ஓங்கும். எஃப்/4ஐவிட ஏறத்தாழ 5 மடங்கு உள்ளே விடும். ஆனால் தூணும் வளைவும் எங்கும் ஓடிப்போவதில்லை. பிரைமில் ஷட்டர் 1/60 நொடி திறந்தால் போதும் என்றால் ஜூமுக்கு 1/12. கேமராவில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) இருந்தால் ட்ரைபாட் இல்லாமலே இதை எடுக்கலாம். நடப்பவர்கள் கொஞ்சம் கலங்கித் தெரிவார்கள். எனக்கு அது பிடிக்கவே செய்கிறது.

உண்மையில் தீர்மானித்தது உயரம். நடுக்கூடம் 43 மீட்டருக்கு மேல். கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். நெட்டுவாக்கில், மட்டமாகப் பிடித்துக் கூரை வளைவைப் படத்துக்குள் கொண்டுவர எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? கணக்குப் போட்டால் 16 மி.மீ.க்குச் சுமார் 37 மீட்டர், 35 மி.மீ.க்கு 80 மீட்டர். ஆலயத்தின் மொத்த நீளமே 144 மீட்டர்தான்.

சாய்ந்த தூண்களை லைட்ரூம் மென்பொருளில் நிமிர்த்திக்கொள்ளலாமே என்பார்கள். நிமிர்த்தினால் மேல்பகுதி இழுபட்டுக் கூர்மை குறையும், கீழ் மூலைகளை வெட்டவேண்டி வரும். மட்டமாக எடுத்த 16 மி.மீ. படத்திலும் கீழ்ப்பாதி தரைதான். ஆனால் அதை வெட்டினால் நட்டமில்லை. 24 மெகாபிக்சலில் 12 மிஞ்சினாலே பெரிய அச்சுக்குத் தாங்கும்.

ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் இந்த ஆலயத்துக்கு வடிவமைத்த 2007ஆம் ஆண்டு ஜன்னலில், 72 நிறங்களில் 11,263 கண்ணாடிச் சதுரங்கள். வெயில் ஊடுருவும்போது அங்கே எஃப்/1.8க்கு வேலையே இல்லை. கண்ணாடிக்கு எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) வைத்து, இருண்டு பதியும் சுற்றுக் கல்லைப் பிறகு ராவில் (கேமராவின் பதப்படுத்தாத கோப்பில்) வெளிச்சமாக்கிக்கொள்ளலாம்.

மெழுகுவத்தி ஏற்றுபவர்களின் முகங்களுக்கு பிரைமே சிறப்பு. வழிபாட்டு நேரத்தில் நான் கேமராவை வெளியே எடுப்பதில்லை. ஆகவே அந்த வேளையைப் பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. இருண்ட சிறு தேவாலயங்களிலும் என் முடிவு மாறக்கூடும்.

கையில் 35 மட்டும் இருப்பவர்கள் முழுக் கூடத்தையும் பிடிக்க மெனக்கெட வேண்டாம். நடுவில் நின்று நேர் மேலே கூரை வளைவை எடுங்கள். சாய்வுத் தொல்லை அங்கே கிடையாது.