செக்கு மாடும் முளையில் கட்டிய மாடும்: ஒரு மின் ஸ்விவலைப் பற்றிய மதிப்புரை

டரட் (கப்பல் தன்னைச் சுற்றித் திரும்ப இடம்தரும் உருளை அமைப்பு) முறையில் நங்கூரமிட்ட எண்ணெய் உற்பத்திக் கப்பலில், காற்றுக்கும் அலைக்கும் ஏற்பக் கப்பல் திரும்பிக்கொண்டிருக்க, நங்கூரச் சங்கிலிகளையும் கடலடிக் குழாய்களையும் பிடித்திருக்கும் டரட்டின் நடுப்பகுதி மட்டும் அசையாமல் நிற்கும். நிற்கும் பகுதியிலிருந்து திரும்பும் பகுதிக்கு எண்ணெயையும் வாயுவையும் கடத்துபவை திரவ ஸ்விவல்கள் எனும் சுழல் இணைப்புகள். அவற்றின் அடுக்குக்கு மேலே, உச்சியில் அமர்ந்து, கடலடிக் கருவிகளுக்கான மின்சாரத்தையும் சமிக்ஞைகளையும் கடத்துவது மின் ஸ்விவல். வங்காள விரிகுடாவில் நிற்கும் ஒரு கப்பலுக்காக இதை வாங்கியபோது வடிவமைப்புக் கூட்டங்களில் வாங்குபவர் தரப்பில் அமர்ந்தவன் நான். பின்னர் நான்கு ஆண்டுகள் அதைப் பராமரித்தவனும் நானே. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

மின்பகுதியின் வடிவமைப்பில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. இதில் உலோக வளையங்களின் மேல் பிரஷ் எனும் தொடுமுனைகள் உரசியபடி மின்சாரத்தைக் கடத்தும். 6.6 கிலோவோல்ட் வளையங்களைத் தனி அறையில் வைத்து, சமிக்ஞை வளையங்களுக்கும் அவற்றுக்கும் இடையே புவியிணைப்புச் செய்த உலோகத் தட்டைப் பொருத்தியிருந்தார்கள். வெப்பத்தைப் பற்றியும் யோசித்திருந்தார்கள். பிரஷ் தொடும் இடத்தில் ஒரு வளையத்தின் மின்தடை (தொடுதடை) 0.5 மில்லிஓம் என்றால், 400 ஆம்பியர் ஓடும்போது அங்கே 80 வாட் வெப்பம் பிறக்கும். சித்திரை வெயிலில் காயும், காற்றே புகாத இரும்புப் பெட்டிக்குள் அது சிறிய தொகையன்று. பிரஷ்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி அதைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். திரவ ஸ்விவல்கள் சற்றே சாய்ந்தாலும் அந்தச் சுமை மின் ஸ்விவலின் பேரிங்குகளுக்கு வராதபடி, அதைத் திருப்பும் கைக்குக் கொஞ்சம் நெகிழ்வு விட்டிருந்ததும் பாராட்டத்தக்கது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தொழிற்சாலைச் சோதனையில் ஸ்விவலை ஒரே திசையில் ஆயிரக்கணக்கான முழுச் சுற்றுகள் சுற்றவைத்து, சமிக்ஞையில் இரைச்சல் இல்லையென்று காட்டினார்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டோம். ஆனால் கடலில் கப்பல் செக்கு மாடு போலச் சுற்றுவதில்லை. முளையில் கட்டிய மாடு போல ஒரு பக்கம் நின்று அசைகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதன் முகம் பெரும்பாலும் ஒரே பக்கம்தான்; சில பாகை இங்கும் சில பாகை அங்குமாக ஊசலாடும், அவ்வளவே. ஆகவே பிரஷ்கள் வளையத்தின் ஒரு சிறு வில் பகுதியை மட்டும் நாள் முழுவதும் தேய்க்கின்றன. தேய்ந்த துகள் அந்த வில்லின் இரு முனைகளிலும் குவிகிறது. வடகிழக்குப் பருவம் தொடங்கிக் கப்பல் மறுபக்கம் திரும்பும்போது, பிரஷ்கள் அந்தக் குவியலின் மேல் ஏறி இறங்கியாக வேண்டும்.

இரண்டாம் ஆண்டின் ஐப்பசியில் அப்படித்தான் நடந்தது. கடலடி வால்வுகளின் கட்டுப்பாட்டுச் சமிக்ஞை கண்ணிமைக்கும் நேரத்துக்கு அறுந்து அறுந்து வந்தது. ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்க வேண்டிய இரண்டு தடங்களும் ஒரே அறையில், அடுத்தடுத்த வளையங்களில் இருந்ததால், ஒரே தூசி இரண்டையும் சேர்த்தே பாதித்தது. வரைபடத்தில் இரண்டு வண்ணக் கோடுகளாகத் தெரிந்ததை இரண்டு தனித் தடங்கள் என்று நம்பிய பிழையில் எனக்கும் பங்குண்டு. ஒளியிழைச் சுழல் இணைப்பில் உரசும் பிரஷ்களே இல்லாததால் அது சலனமின்றி வேலை செய்தது.

தூசியைத் துடைக்கலாமென்றால் பெட்டியைத் திறப்பதே ஒரு திருவிழா. வெடிவாயுப் பகுதிக்கான ஃபிளேம்ப்ரூஃப் (உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத) பெட்டி அது; மின்சாரத்தைத் துண்டித்து, வாயு இல்லையென்று சோதித்து, வரிசையாகப் போல்ட்டுகளைக் கழற்றி, மூடியின் விளிம்பில் ஒரு கீறலும் விழாமல் தூக்க வேண்டும். அந்தக் கனமான மூடியைத் தூக்கச் சங்கிலிக் கப்பியை மாட்டுவதற்கு மேற்கூரையில் ஒரு கொக்கிகூட இல்லை. சாரம் கட்டவே இரண்டு நாள் போயிற்று. உள்ளழுத்தக் காற்றால் பாதுகாக்கும் இலகுவான பெட்டியை வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அழுத்தம் குறைந்தால் மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டிய பெட்டி அது என்பதால், இப்போதும் நான் அதை விரும்பமாட்டேன்.

தயாரிப்பாளரின் சேவைப் பொறியாளரைக் குறை சொல்ல முடியாது. வந்தவர் வெற்றிட உறிஞ்சியால் துகளை எடுத்து, ஒவ்வொரு பிரஷ்ஷின் நீளத்தையும் அளந்து குறித்து, மெக்கர் வைத்து மின்காப்பைச் சோதித்துவிட்டே இறங்கினார். உபரி வளையங்கள் மட்டும் போதவில்லை. புதிய கிணறு ஒன்றை இணைத்ததும் தீர்ந்துபோயின.

அடுத்த கப்பலுக்கும் அதே நிறுவனத்திடமே விலை கேட்டிருக்கிறேன். முழுச் சுற்றுச் சோதனையோடு, பத்துப் பாகைக்குள் முன்னும் பின்னும் ஆட்டும் சோதனையைச் சில வாரங்கள் நடத்தி, அதன் பிறகு ஸ்விவலைப் பாதிச் சுற்று திருப்பிச் சமிக்ஞையை அளக்க வேண்டும் என்றும், இரண்டு சமிக்ஞைத் தடங்களும் தனித்தனி அறைகளில் அமைய வேண்டும் என்றும் விவரக்குறிப்பில் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்றே பரிந்துரைத்திருக்கிறேன். கூரையில் மாட்டும் கொக்கியை எங்கள் ஆட்களே பற்றவைத்துக்கொள்வார்கள்.