வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பது: பெரிய லேபா, தெருமுனை லேபா, கைக்கருவியா?

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு ரத்தப் பரிசோதனை என்றால், பெரும்பாலானோர் முதலில் விசாரிப்பது விலையை. அதற்கு முன் கேட்க வேண்டியது: எடுத்த ரத்தம் எத்தனை மணி நேரம் கழித்து சென்ட்ரிஃப்யூஜில் (ரத்தத்தைச் சுழற்றி, அணுக்களிலிருந்து சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரிக்கும் இயந்திரம்) சுற்றும்?

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய லேபில் இயந்திரமும் தரக்கட்டுப்பாடும் நம்பகமானவை. என்ஏபிஎல் (லேபின் தரத்துக்கான தேசிய அங்கீகாரம்) சான்று உண்டா என்று மட்டும் பாருங்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி), டிஎஸ்எச் (தைராய்டு), கொழுப்பு, சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எல்லாம் சில மணி நேரப் பயணத்தைத் தாங்கும். இவற்றுக்குப் பெரிய லேபே போதும்.

சிக்கல் பொட்டாசியத்தில். ரத்தம் எடுக்க வருபவர் காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் தொடங்கி, இன்னும் எட்டு வீடு ஏறி இறங்கி லேபுக்குப் போகப் பதினொன்று ஆகிவிடும். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கு மேல். 2 மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரிக்காவிட்டால் அது கசியத் தொடங்கும். ஐஸ் பேக்கில் ஒட்டி வைத்தால் இன்னும் மோசம். பொட்டாசியத்தை உள்ளே பிடித்து வைக்கும் அணுவின் பம்ப் குளிரில் நின்றுவிடும். டெல்மிசார்ட்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற, பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய பிரஷர், இதய மாத்திரை சாப்பிடுபவருக்கு இப்படிப் பொய்யாக 6 என்ற ஆபத்தான அளவு ரிப்போர்ட்டில் வந்தால், தேவையான மாத்திரை நிற்கும், இல்லையேல் ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்ஸ் வரும்.

ஆகவே சோடியம், பொட்டாசியத்துக்குத் தெருமுனை லேப்தான் என் தேர்வு. அரை மணி உறையவிட்டு, உடனே சுற்றிவிடலாம். "தினமும் கன்ட்ரோல் ஓட்டுகிறீர்களா?" (அளவு தெரிந்த மாதிரியை வைத்து இயந்திரத்தைச் சரிபார்ப்பது) என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு லேப் பாருங்கள். யார் எடுத்தாலும் கையில் இறுக்கும் கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லவும் கூடாது, அதுவும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும்.

சர்க்கரைக்கு, அது குறையாமல் காக்கும் மருந்து உள்ள சாம்பல் மூடிக் குழாய். சாதாரணக் குழாயில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைந்துகொண்டே போகும். தினசரிக் கண்காணிப்புக்கு குளுக்கோமீட்டர் தாராளம், ஆனால் அதற்கு 15 சதவீதம் வரை முன்பின் அனுமதி உண்டு. கடுமையான ரத்தசோகையில் பெரும்பாலான மீட்டர்கள் அதிகமாகவே காட்டும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பார்ப்பது இந்தக் கண்காணிப்புக்குச் செலவில்லாத துணை.

வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுபவரின் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) சோதனைக்கான ரத்தம் ஒருநாள் வரை அறை வெப்பத்தில் தாங்கும். பெரிய லேபுக்கும் கொடுக்கலாம். நீல மூடிக் குழாய் கோடுவரை நிரம்ப வேண்டும், ரத்தம் குறைந்தால் ஐஎன்ஆர் பொய்யாக அதிகமாகத் தெரியும். பட்டர்ஃபிளை ஊசியில் முதல் குழாயே நீலம் என்றால் ஊசியோடு இணைந்த நீள டியூபில் உள்ள காற்று குழாயில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வீணாக ஒரு குழாய் எடுத்துப் போட்டுவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். விரல்குத்துக் கருவி வசதிதான், ஆனால் ஐஎன்ஆர் 4-ஐத் தாண்டினால் லேபில் சரிபார்க்க வேண்டும்.

முதியோர் இல்லத்தில் ஒரே காலையில் பதினைந்து பேருக்கு எடுப்பதானால், சின்ன சென்ட்ரிஃப்யூஜைக் கையோடு கொண்டுவரும் லேபைப் பிடியுங்கள், தூரம் பெரிதாகப் பாதிக்காது. அங்கே பெரிய ஆபத்து லேபிள்தான். இரண்டு சரோஜா இருப்பார்கள். ஒருவருக்குக் காது கேட்காது, எந்தப் பெயர் சொன்னாலும் தலையாட்டுவார். பெயரோடு வயதையோ பதிவு எண்ணையோ சரிபார்த்து, ரத்தம் எடுத்தபின் கட்டிலருகிலேயே ஒட்ட வேண்டும். முன்கூட்டியே ஒட்டிய குழாய்க் கட்டோடு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.