எல்.சி., டி.பி., ஓபன் அக்கவுண்ட்: பின்னலாடை ஏற்றுமதியில் பணம் எங்கே மாட்டுகிறது?

திருப்பூரில் ஆர்டர் பேசும்போது பீஸுக்கு இரண்டு சென்டுக்காக மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். பேமெண்ட் டெர்ம் என்ற ஒற்றை வரிக்கு மட்டும் "சரி" என்று மெயில் போய்விடும். கணக்குப் போட்டால் அந்த வரிதான் பெரிது. 20,000 டி-ஷர்ட், பீஸ் 3.50 டாலர், பில் 70,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 90 நாள் கடன் கொடுத்தால், வங்கி வட்டி ஆண்டுக்கு 9% என்ற கணக்கில் ஏறக்குறைய 1,550 டாலர் வட்டிக்கே போகிறது. அதாவது பீஸுக்கு எட்டு சென்ட் அளவுக்கு. இதுவும் பணம் ஒழுங்காக வந்தால்தான்.

2004 முடிய அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜவுளிக்குக் கோட்டா வைத்திருந்தன. 2005 ஜனவரி 1 அன்று அது முழுவதுமாக விலகியது. அதன் பிறகு பெரிய பையர் ஒரே டிசைனைத் திருப்பூருக்கும் டாக்காவுக்கும் ஹோ சி மின் நகருக்கும் ஒரே நாளில் அனுப்பி விலை கேட்கலாம். விலையில் வந்த போட்டி கடன் நாளிலும் வந்தது. எல்.சி. என்பது, டாக்குமெண்ட் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று பையரின் வங்கி எழுதித் தரும் உறுதி. அதைத் திறக்கப் பையர் வங்கியில் தன் லிமிட்டை முடக்க வேண்டும், கமிஷன் கட்ட வேண்டும். சப்ளையரே கடன் கொடுக்கத் தயாராக இருக்கும்போது பையர் ஏன் அதைச் செய்யப் போகிறார்? பெரிய பிராண்டுகள் பெரும்பாலும் ஓபன் அக்கவுண்ட்டுக்கு, அதாவது சரக்கு முதலில், பணம் பிறகு என்ற முறைக்கு, நகர்ந்தது இப்படித்தான்.

இருக்கும் வழிகளை ஒப்பிடும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பணம் வரும்வரை சரக்கின் பிடி யாரிடம் இருக்கிறது? பேமெண்ட் டெர்மை மட்டும் தனியாகப் பார்ப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

எல்.சி.: வங்கி பார்ப்பது காகிதத்தை

எல்.சி. வந்துவிட்டால் பணம் வந்த மாதிரி என்பது பாதிதான் உண்மை. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள யு.சி.பி. 600 என்ற சர்வதேச எல்.சி. விதிகளின்படி வங்கிக்குச் சரக்கைப் பற்றிக் கவலையில்லை, டாக்குமெண்ட் மட்டும்தான். டாக்குமெண்ட் கைக்கு வந்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி நாட்களுக்குள் அதை ஏற்க வேண்டும் அல்லது குறைகளைப் பட்டியலிட்டு மறுக்க வேண்டும். ஒரே ஒரு டிஸ்கிரிபன்சி இருந்தாலும் மறுக்கலாம். மறுத்த நிமிடத்தில் உங்கள் எல்.சி. வங்கிப் பொறுப்பில்லாத வெறும் கலெக்‌ஷன் பில்லாக மாறிவிடுகிறது, "ஏற்கிறீர்களா?" என்று வங்கி பையரைக் கேட்கும். சீசன் படுத்திருந்தால் பையர் உடனே ஏற்கமாட்டார், டிஸ்கவுண்ட் கேட்பார்.

பின்னலாடைக்காரர்கள் வழுக்கி விழும் முதல் இடம் எண்ணிக்கை. அளவில் 5% கூடவோ குறையவோ இருக்கலாம் என்று யு.சி.பி.யில் ஒரு விதி உண்டு. ஆனால் எல்.சி.யில் அளவை எண்ணிக்கையாக, அதாவது பீஸ் கணக்கில் சொல்லியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. நூலுக்கும் துணிக்கும் கிலோவில் பொருந்துவது டி-ஷர்ட்டுக்குப் பொருந்தாது. கட்டிங்கில் 20,000 பீஸ் 20,000 ஆகவே வராது. டையிங்கில் ஒரு லாட் ஷேடு அடித்தால் 19,640 தேறும். எக்ஸ்ட்ரா வெட்டியிருந்தால் 20,310 கூட வரும். எனவே எல்.சி. படிவத்தின் ஃபீல்டு 39ஏ-யில் தொகைக்கு ±5% வாங்குவதோடு, எண்ணிக்கைக்கும் ±5% என்று 45ஏ அல்லது 47ஏ-யில் தனியாக எழுதச் சொல்லுங்கள். தொகைக்கு மட்டும் வாங்கிவிட்டு எண்ணிக்கையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது தேதி. ஃபீல்டு 44சி கடைசி ஷிப்மெண்ட் தேதி, 48 டாக்குமெண்ட் தாக்கல் செய்யும் கெடு, 31டி எல்.சி. முடியும் நாளும் இடமும். கெடு எழுதப்படவில்லை என்றால் ஷிப்மெண்ட் தேதியிலிருந்து 21 நாள், எப்படியும் எல்.சி. முடியும் நாளைத் தாண்டக் கூடாது. 31டி-யில் இடம் பையரின் நாடு என்று இருந்தால், கூரியர் போய்ச் சேரும் நாட்களும் உங்கள் கணக்கில்தான் கழியும். இடம் இந்தியா என்று மாற்றச் சொல்லுங்கள்.

தூத்துக்குடிக்காரர்கள் ஃபீல்டு 43டி (43T)-யைப் பார்த்துப் பதறுவதுண்டு. "டிரான்ஷிப்மெண்ட் கூடாது" என்று இருக்கும், சரக்கோ கொழும்பில் கப்பல் மாறித்தான் போகும். கன்டெய்னரில் போவதாக பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணம், பில் ஆப் லேடிங்) காட்டினால், ஒரே பி.எல். முழுப் பயணத்துக்கும் இருந்தால், எல்.சி. தடுத்திருந்தாலும் அந்த பி.எல்.-ஐ வங்கி ஏற்கலாம். இந்த ஒன்றுக்காக அமெண்ட்மெண்ட் செலவு செய்யத் தேவையில்லை.

கண்டிப்பாக மாற்ற வேண்டியது வேறொன்று: "பையரின் பிரதிநிதி கையெழுத்திட்ட இன்ஸ்பெக்‌ஷன் சர்டிபிகேட்". அந்தக் கையெழுத்து வரவில்லை என்றால் டாக்குமெண்ட் செட்டே முழுமையாகாது. பணம் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவைப் பையரிடமே திருப்பிக் கொடுக்கும் ஷரத்து அது. வெளி ஆய்வு நிறுவனம் ஒன்றின் பெயரைக் குறிப்பிடச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், அதை எல்.சி. என்று எண்ணி விலையைக் குறைக்காதீர்கள்.

எல்.சி. திறந்த வங்கியின் நாட்டையும் பார்க்க வேண்டும். 2022-ல் இலங்கையில் டாலர் வற்றியபோது, அங்குள்ள வங்கிக்குக் கொடுக்க மனமிருந்தாலும் கொடுக்க டாலர் இல்லை. அப்படிப்பட்ட இடங்களுக்கு ஃபீல்டு 49-இல் கன்பர்மேஷன் கேட்டு, மூன்றாம் நாட்டு வங்கி ஒன்றையோ இந்திய வங்கியையோ பொறுப்பேற்க வைக்க வேண்டும். அந்தக் கட்டணம் யாருடையது என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

டி.பி.யும் டி.ஏ.வும்

டி.பி.யில் பணம் கட்டினால்தான் பையருக்கு டாக்குமெண்ட். வங்கி வெறும் தபால்காரர், பணத்துக்குப் பொறுப்பில்லை. இருந்தும் சரக்கின் பிடி உங்களிடம் இருக்கிறது, ஆனால் கடல் வழியில் "டு ஆர்டர்" பி.எல். (பையர் பெயரில் நேரடியாக இல்லாமல், ஒரிஜினலைக் கொடுத்தால்தான் சரக்கு கிடைக்கும்படி எழுதியது) போட்டால் மட்டும். ஷிப்மெண்ட் தாமதமாகி ஏர் ஷிப்மெண்ட்டுக்கு மாறும்போது இந்தப் பாதுகாப்பு சத்தமில்லாமல் போய்விடுகிறது. ஏர்வே பில் உரிமை ஆவணம் அல்ல; கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) என்று பையர் பெயர் இருந்தால் டாக்குமெண்ட் வங்கியில் தூங்கும்போதே அவர் சரக்கை எடுத்துப் போவார். பையரின் வங்கியை கன்சைனியாகப் போட வேண்டுமென்றால் அந்த வங்கியின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

பையர் எடுக்காவிட்டால் சரக்கு அங்கே போர்ட்டில் கிடந்து டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். பிராண்ட் லேபிளும் பிரிண்ட்டும் போட்ட பனியனை வேறு யாருக்கும் அப்படியே விற்க முடியாது, ஸ்டாக்லாட் (தேங்கிய சரக்கு) விலைதான். சில நாடுகளில் முதல் கன்சைனியின் சம்மதம் இல்லாமல் திருப்பி எடுக்கவும் விடுவதில்லை.

டி.ஏ. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பையர் கையெழுத்துப் போட்டு சரக்கை எடுத்துக்கொள்வார், கெடு நாளில் கட்டுவார் என்று நம்ப வேண்டும். ஓபன் அக்கவுண்ட்டின் ஆபத்து முழுவதும் உண்டு, கூடவே வங்கிக் கட்டணமும்.

ஓபன் அக்கவுண்ட்: கெட்ட பெயருக்கு அளவு உண்டு

நாமினேட்டட் பார்வர்டரை (தாங்களே நியமித்த சரக்கு அனுப்பும் ஏஜென்ட்டை) வைத்து எப்.ஓ.பி.யில் (கப்பலேற்றுவதோடு சப்ளையரின் பொறுப்பு முடியும் விலையில்) வாங்கும் பெரிய பையர்கள் பி.எல்.-க்குப் பதிலாக எப்.சி.ஆர். என்ற பார்வர்டர் ரசீதைக் கேட்பார்கள். அது சரக்கு ஒப்படைத்ததற்கான ரசீது மட்டும், உரிமை ஆவணம் அல்ல. பார்வர்டருக்குக் கூலி கொடுப்பவர் பையர். அவர் யார் சொன்னதைக் கேட்பார் என்று சொல்லத் தேவையில்லை. சரக்கு உங்கள் குடோனை விட்டுப் போகும்போதே பிடி போய்விட்டது. 60 நாளா 90 நாளா என்பது அதற்குப் பிறகான பேச்சு.

2020-ல் டெபன்ஹாம்ஸ், ஜே.சி. பென்னி, ஆர்கேடியா என்று பெரிய பெயர்களே திவால் நடவடிக்கைக்குள் போயின. அமெரிக்கத் திவால் சட்டத்தில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு: மனு போடுவதற்கு முந்தைய 20 நாட்களுக்குள் கடனாளி கைக்குப் போய்ச் சேர்ந்த சரக்கின் விலைக்கு முன்னுரிமை. எப்.ஓ.பி.யில் கப்பலேறிய நாளை எண்ணக் கூடாது, பையர் கையில் கிடைத்த நாளைத்தான் எண்ண வேண்டும் என்று 2017-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்திருக்கிறது. கிளெய்ம் போடும்போது டெலிவரி தேதியைப் பார்வர்டரிடம் எழுத்தில் வாங்கி வைத்திருப்பவருக்கே இது பயன்படும்.

ஆனாலும் ஈ.சி.ஜி.சி. (மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) காப்பீட்டோடு கூடிய ஓபன் அக்கவுண்ட், ஓட்டை எல்.சி.யைவிட நல்லது என்பதே எங்கள் கணிப்பு. பையர் திவாலானாலும், நாட்டில் டாலர் தட்டுப்பாடு வந்தாலும் நட்டத்தின் பெரும்பகுதி திரும்பும். இரண்டு நிபந்தனைகளை மறக்கக் கூடாது. அந்தப் பையருக்கான லிமிட்டை ஷிப்மெண்ட்டுக்கு முன்பே வாங்க வேண்டும். கெடு தாண்டிய பில்களைப் பற்றி உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும். "பேச்சுவார்த்தை நடக்கிறது, பையர் கோபித்துக்கொள்வார்" என்று தெரிவிக்காமல் விடுபவர்கள்தான் கிளெய்மை இழக்கிறார்கள். தரக்குறைவு என்று பையர் தகராறு கிளப்பினால், அது தீரும்வரை கிளெய்ம் நகராது. அதனால் பையரின் கியூ.சி. (தர ஆய்வாளர்) கையெழுத்திட்ட பைனல் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், சீல் போட்ட அப்ரூவ்டு சேம்பிள், லேப் டெஸ்ட் ரிப்போர்ட் மூன்றையும் பணம் வரும்வரை பத்திரமாக வையுங்கள்.

கைப்பணம் இறுகுவது இன்னொரு பக்கம். நூல் வாங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், தையல், பேக்கிங் முடிய இரண்டு மூன்று மாதம். 2023 டிசம்பரிலிருந்து செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிய ஐரோப்பியச் சரக்குகளுக்குப் பயணமும் நீண்டது. கடன் நாளை பில் தேதியிலிருந்து எண்ணுகிறார்களா, சரக்கு சேர்ந்த நாளிலிருந்தா என்று கேட்டு எழுதி வாங்காவிட்டால், 60 நாள் என்று ஒப்புக்கொண்டது 100 நாளாக நிற்கும். இங்கேயோ குறு, சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாண்டினால் வருமான வரி விதிப்படி (1961 சட்டத்தில் 43பி(எச்) பிரிவு), பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து இது நடப்பில் உள்ளது. ஏற்றுமதிப் பணம் வந்து சேர ரிசர்வ் வங்கி தரும் கெடுவை 2025 நவம்பரில் 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டியது. அதைப் பையரிடம் சொல்லிவிடாதீர்கள், அவரும் நாளை நீட்டக் கேட்பார்.

முப்பதுக்கு எழுபது

புது, சிறு பையர்களிடம் 30% அட்வான்ஸ், பி.எல். காப்பி பார்த்து 70% என்பது வழக்கம். 30% போதுமா என்பது சரக்கைப் பொறுத்தது. பிளைன் டி-ஷர்ட் என்றால் வேறு பையருக்குத் தள்ளலாம், 30% காப்பாற்றும். லோகோ போட்டதென்றால் மிச்சமாவது ஸ்டாக்லாட் விலைதான், 50% கேளுங்கள். ஒரிஜினல் பி.எல். மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும்; பாக்கி வருமுன் "டெலக்ஸ் ரிலீஸ் கொடுங்கள், கன்டெய்னர் போர்ட்டில் நிற்கிறது" என்று அவசரப்படுத்தினாலும், ஒரிஜினல் பி.எல். இல்லாமலே சரக்கை விடும் அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள். இந்த முறையில் நடக்கும் பெரிய திருட்டு மெயிலில்தான்: நடுவில் புகுந்தவன் உங்கள் பெயரில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு எழுதுவான். கணக்கு மாற்றம் எதையும் போனில் உறுதி செய்யாமல் ஏற்கக் கூடாது என்ற வரியை புரோபார்மா இன்வாய்ஸிலேயே அச்சடியுங்கள்.

அமெரிக்கப் பையர்களுக்கு இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு மொத்தம் 50% கூடுதல் வரி வந்தபோது, எப்.ஓ.பி.யில் அனுப்பியவருக்குச் சட்டப்படி அந்த வரியில் பங்கில்லை; கட்ட வேண்டியவர் இறக்குமதியாளர். டி.டி.பி. (வரியையும் சப்ளையரே கட்டிச் சரக்கைச் சேர்ப்பது) என்று ஒப்புக்கொண்டவர் முழு வரியையும் தன் தலையில் சுமந்தார். எப்.ஓ.பி. ஆனாலும் ஓபன் அக்கவுண்ட்டில் பையர் பில்லில் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினால் என்ன செய்வது? எல்.சி.யிலும், பி.எல். கையில் உள்ள 30/70-லும் அப்படிக் கழிக்க முடியாது. வரி ஏறி இறங்கும் நாட்களில் அமெரிக்க ஆர்டருக்கு டி.டி.பி. வேண்டவே வேண்டாம், ஓபன் அக்கவுண்ட்தான் என்று பையர் நின்றால், வரி மாறினாலும் பில் தொகை மாறாது என்ற வரி பர்ச்சேஸ் ஆர்டரில் ஏறிய பிறகு நூலுக்கு ஆர்டர் போடுங்கள்.