நடுராத்திரியில் பேசும் ஹோம் தியேட்டர்: மூன்றரை வருட அனுபவம்

போன வாரம்தான் எங்கள் வீட்டு 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) பழுது பார்த்துத் திரும்பி வந்தது. அதே நாள் பார்த்து நண்பன் போன் பண்ணி, "மாப்ள, நீ வச்சிருக்கிற செட் இப்ப ஒம்பதாயிரத்துக்குக் கிடைக்குது, எடுத்துரவா?" என்று கேட்டான். நான் வாங்கியது 13,500க்கு. அந்த வயிற்றெரிச்சலும் இதில் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்வது இந்த விலையில் வரும் வேறு பெட்டிகளிலும் இருக்கிற சங்கதிதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்குப் பொறுமை இருக்காது. அப்பாவுக்கு 74 வயது, காது கொஞ்சம் மந்தம். டி.வி.யில் படம் பார்த்தால் பாட்டுக்குச் சுவர் அதிரும், வசனம் வரும்போது "என்ன சொன்னான்?" என்று கேட்பார். நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும். நான் செட் வாங்கியது பின்னால் ஹெலிகாப்டர் பறக்க வேண்டும் என்ற ஆசையில். ஆனால் காசுக்கு வேலை செய்தது, டி.வி.க்குக் கீழே படுத்திருக்கிற அந்த சென்டர் ஸ்பீக்கர். 5.1-இல் மிக்ஸ் செய்த படங்களில் வசனம் பெரும்பாலும் சென்டர் வழியாகத்தான் வரும். ரிமோட்டில் சி+ என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை நான்கு தடவை அழுத்தினால் பேச்சு மட்டும் முன்னால் வந்து நிற்கும், இசை இருந்த இடத்திலேயே இருக்கும். அடிச்சத்தம் தருகிற சப்வூஃபரை இரண்டு குறைத்தால் இன்னும் தெளிவு. அன்றைக்கு அப்பா இரண்டரை மணி நேரம் ஒரு கேள்வியும் கேட்காமல் படம் பார்த்தார்.

இதுவும் எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. அதுவரை டி.வி.யின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஆக்ஸ் ஒயரை இழுத்துச் செருகி, ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதே, இதுதான் சரவுண்ட் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டையில் வருவது வெறும் ஸ்டீரியோ. அதையே பெட்டி ஐந்தாகப் பங்கு போட்டுக் கொடுக்கிறது, சி+ அழுத்தினால் வசனத்தோடு மத்தளமும் சேர்ந்து ஏறும். அப்புறம் ஒரு ஆப்டிகல் கேபிள் (சத்தத்தை ஒளியாக அனுப்பும் ஒயர்) வாங்கி, டி.வி.யின் ஆடியோ செட்டிங்கில் பி.சி.எம். என்று இருந்ததை டால்பி (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகச் சத்தம் அனுப்பும் முறை) என்று மாற்றினேன். பி.சி.எம்.மில் விட்டால் ஆப்டிகல் வழியாக இரண்டு சேனல்தான் போகும். இன்னொன்று, ஓ.டி.டி.யில் வருவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ், அது ஆப்டிகலில் போகாது, டி.வி.தான் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்ப வேண்டும். அதனால் ஸ்பீக்கர் வாங்கப் போகும் முன் உங்கள் டி.வி. அதைச் செய்கிறதா என்று பாருங்கள். டி.வி., செட் இரண்டிலும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (டி.வி.யின் சத்தத்தை எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே செட்டுக்கு அனுப்பும் வசதி) இருந்தால் அதுவே மேல், ஒரு ரிமோட் மிச்சம். சீரியல், யூடியூப் எல்லாம் பெரும்பாலும் ஸ்டீரியோ, அங்கே சி+ பட்டனுக்குப் பெரிய வேலை இல்லை.

சரி, இப்போது அந்தப் பெண்மணியிடம் வருகிறேன்.

கரண்ட் போய்த் திரும்பி வந்தால் இந்தப் பெட்டி தானாக ஆன் ஆகும். ஆன் ஆகிச் சும்மா இருக்காது. "ப்ளூடூத் மோட்!" என்று ஒரு பெண் குரல், நாம் வைத்திருந்த வால்யூமில் இல்லை, கம்பெனி வைத்த வால்யூமில். எங்கள் பகுதியில் நாலு சொட்டு மழை விழுந்தாலே கரண்ட் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு வரும், போகும், மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா எழுந்து ஹாலில் நின்று அறிவிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டால் கேட்காத அப்பாவுக்கு இது மட்டும் உள்ரூமில் படுத்திருந்தாலும் கேட்கும்.

சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதானே என்பீர்கள். அணைத்தால் பெட்டிக்கு எல்லாம் மறந்துபோகும். சென்டர் பூஜ்யம், சப் பூஜ்யம், பின் ஸ்பீக்கர் பூஜ்யம், இன்புட் மறுபடியும் ப்ளூடூத். படம் போடும் முன் இன்புட் பட்டன் மூன்று முறை, சி+ நான்கு முறை, சப் குறைக்க இரண்டு முறை. தினமும் ஒன்பது அழுத்தல். என் அம்மா ஒரு காலண்டர் தாளைக் கிழித்து, "இன்புட் 3, சி+ 4, சப் குறை 2" என்று எழுதி ரிமோட்டின் முதுகில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். மூன்றரை வருடத்தில் அந்த சி+ ரப்பர் தேய்ந்து எழுத்தே போய்விட்டது, இப்போது நகத்தை வைத்துக் குத்தினால்தான் வேலை செய்யும். நான்கு எண்ணை நினைவில் வைக்க ஒரு மெமரி போட்டிருந்தால் அவர்களுக்கு என்ன பெரிய செலவு வந்திருக்கும்? பெட்டி மேல் பத்தாயிரம் வாட் என்று அச்சடிக்க மட்டும் மனசு வந்திருக்கிறது. அது பி.எம்.பி.ஓ. கணக்கு, விளம்பரத்துக்குப் போடும் கண நேர உச்ச எண், கண்டுகொள்ளாதீர்கள். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரும் நிஜ வாட், 80தான், எங்கள் ஹாலுக்கு அதுவே தாராளம்.

இன்வெர்ட்டர் லைனிலும் கொடுத்துப் பார்த்தேன். கரண்ட் மாறுகிற அந்தக் கண்சிமிட்டும் நேரம் போதும், அந்த ப்ளூடூத் அம்மா வந்துவிடுவார். இன்வெர்ட்டர் பின்னாலிருக்கும் சுவிட்சை யு.பி.எஸ். மோடுக்கு (இன்னும் வேகமாக மாறும்) தள்ளியதும் அது ஓரளவு நின்றது. ஆனால் எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், கரண்ட் இல்லாத நேரமெல்லாம் சப்வூஃபர் "ம்ம்ம்" என்று முனக ஆரம்பித்தது. வாயை மூடினால் வயிறு கத்துகிறது.

இந்தத் தடவை பழுதுக்குக் காரணம் ஒரு பல்லி. சப்வூஃபர் ஓட்டை வழியாக உள்ளே போய், பவர் போர்டில் குறுக்கே விழுந்து காய்ந்து கிடந்தது. கழற்றிக் காட்டியபோது பாவமாகத்தான் இருந்தது. 850 ரூபாய். மெக்கானிக்கிடம், "அண்ணே, அந்தக் குரலை மட்டும் எடுத்துர முடியுமா?" என்று கேட்டேன். "அது ப்ளூடூத் ஐ.சி.க்குள்ளயே இருக்கு தம்பி. அத எடுத்தா ப்ளூடூத் போயிரும்." "போகட்டும்ணே." "ரிமோட்டும் அதுலதான் ஓடுது, பரவாயில்லையா?" என்று சிரித்தார். ஓட்டையில் ஒரு கொசுவலைத் துண்டை மட்டும் ஒட்டிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

மற்றதெல்லாம் சில்லறைக் குறைதான். பின் ஸ்பீக்கர் ஒயர் வாசற்படியைச் சுற்றி வர எட்டவில்லை, ஹார்டுவேர் கடையில் ஒயர் வாங்கி ஒட்டுப் போட்டேன். பாட்டு கேட்க ஐந்து ஸ்பீக்கரும் வேண்டாம், கூழாகிவிடும், 2.1-இல் (முன் ஸ்பீக்கர் இரண்டும் சப்பும் மட்டும்) வையுங்கள். சப்பை மூலையிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்த பிறகு கீழ்வீட்டுக்காரர் மாடி ஏறி வருவதும் நின்றது.

நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். "அப்ப சவுண்ட்பார்?" என்றான். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் 2.1 பார் வாங்காதே, அதில் தனி சென்டர் கிடையாது, 3.1 பார் என்று சொன்னேன். அதன் விலையைப் பார்த்துவிட்டு மறுபடி இங்கேயே வந்து நிற்கிறான். சரி, எந்தப் பெட்டியாக இருந்தாலும் கடையில் பாட்டுப் போட்டுக் கேட்டு நேரத்தை வீணாக்காதே, சென்டரை நாலு ஏற்றச் சொல், பிளக்கைப் பிடுங்கு, மறுபடி செருகச் சொல். தானாக ஆன் ஆகிக் கத்துகிறதா, அந்த நாலு நாலாகவே இருக்கிறதா, இதை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எடு என்றிருக்கிறேன்.

அதையும் மீறி என்னுடைய அதே மாடலையே வாங்கினான் என்றால் அவன் ரிமோட்டை ஒரு வாரம் கடன் கேட்கலாம் என்றிருக்கிறேன். தனியாக எங்கே தேடியும் கிடைக்கவில்லை, அப்பா இன்றைக்கு மறுபடியும் "என்ன சொன்னான்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.