மைனஸ் பவரைப் பழக்கத்தால் குறைக்க முடியுமா? நான்கு வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தால்

மூன்று மாதம் விடாமல் செய்து பார்த்தேன். சுவரில் எழுத்து சார்ட் ஒன்றை ஒட்டிவைத்து, தினமும் காலையில் கண்ணாடி இல்லாமல் எதிரே நின்று, எந்த வரி வரை படிக்க முடிகிறது என்று குறித்துக்கொண்டேன். முதல் வாரத்தில் மேல் வரியோடு நின்றுபோன கண், மூன்றாம் மாத முடிவில் மூன்றாவது வரியைத் தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டது. சந்தோஷமாகக் கண் பரிசோதனைக்குப் போனேன். பவர் மைனஸ் 2.75. மூன்று மாதத்துக்கு முன்பும் அதேதான்.

அப்படியென்றால் அந்த இரண்டு வரி எங்கிருந்து வந்தது?

கிட்டப்பார்வையை, அதாவது தூரம் மங்கி மைனஸ் பவர் தேவைப்படுவதை, பழக்கத்தால் சரிசெய்யத் தொடங்கும் எவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பார்வை "தெளிந்தது" என்று நாம் சொல்லும்போது மூன்று இடங்களில் ஏதோ ஒன்று மாறியிருக்கலாம். ஒன்று, கண்ணின் நீளம். வளர்ந்தவர்களின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் இருக்கும். அதைவிட ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே சுமார் இரண்டரை டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) மைனஸ் பவர் வந்துவிடும். பெரும்பாலானவர்களின் கிட்டப்பார்வைக்கு இந்த நீளம்தான் காரணம். இரண்டு, கண்ணுக்குள் லென்ஸைப் பிடித்திருக்கும் சிலியரி தசை. பக்கத்தில் பார்க்கும்போது இது இறுகும். மணிக்கணக்காக இறுகியே இருந்தால், தூரத்தைப் பார்க்கும்போதும் முழுதாகத் தளராமல் போகலாம். இதைப் பொய்க் கிட்டப்பார்வை என்கிறார்கள். மூன்று, மூளை. மங்கலான படத்தையே தொடர்ந்து பார்த்துவந்தால், அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க மூளை பழகிக்கொள்கிறது. கண்ணில் ஒன்றும் மாறாமலே சார்ட்டில் ஓரிரு வரி கூடும். எனக்கு நடந்தது இதுதான். தினமும் ஒரே சார்ட்டைப் பார்த்ததால் சில எழுத்துகள் மனப்பாடமும் ஆகியிருக்கும்.

ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு வழியிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: நீ தொடுவது நீளத்தையா, தசையையா, மூளையையா?

கண் பயிற்சிகள்

உள்ளங்கையால் கண்ணை மூடி இருட்டில் வைத்திருப்பது, உடம்பை ஆட்டிக்கொண்டே தூரத்தைப் பார்ப்பது, கண்ணை எட்டு போட்டுச் சுழற்றுவது. இவற்றில் பலவற்றுக்கு மூலவர் நியூயார்க் கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ். கண்ணைச் சுற்றியுள்ள வெளித் தசைகள் கண்ணை அழுத்திப் பிடிப்பதால்தான் பார்வை கெடுகிறது, அவற்றைத் தளர்த்தினால் கண்ணாடியே வேண்டாம் என்று 1920இல் புத்தகம் போட்டார். 1929இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தவறான விளம்பரம் என்று அவர்மீது நடவடிக்கை எடுத்தது. ஆனாலும் அந்தப் பயிற்சிகள் இன்று வரை புதுப்புதுப் பெயர்களில் வந்துகொண்டே இருக்கின்றன.

கருத்து தவறு என்பதற்குச் சாட்சி நம் வீடுகளிலேயே இருக்கிறது. கண்புரை அறுவையில் இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுச் சாதாரண லென்ஸ் வைத்துக்கொண்டவர்களைப் பாருங்கள். வெளித் தசைகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் தூரம், கிட்டம் என்று மாற்றி மாற்றிக் குவிக்கும் திறன் போய்விடுகிறது. குவிப்பது லென்ஸும் அதைப் பிடித்திருக்கும் உள் தசையும்தான். கண்ணைச் சுழற்றுவதால் நீளம் குறைய வழியே இல்லை.

உள்ளங்கையால் மூடுவதில் ஓய்வு கிடைக்கும், செய்யலாம். ஆனால் சூரியனை நேராகப் பார்க்கச் சொல்லும் பயிற்சியை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். கண்ணின் பின்புறத்தில் படம் விழும் விழித்திரையில் தீக்காயம் போலப் புண் ஆகிவிடும். வலிக்காது, அதனால் அப்போது தெரியாது. பார்வையின் நட்டநடுவில் நிற்கும் கரும்புள்ளி சிலருக்குத் திரும்பப் போவதே இல்லை.

பவர் குறைத்த கண்ணாடி

இப்போது அதிகம் பேசப்படுவது இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்ததும் இதுதான். வாதம் இப்படிப் போகும்: முழுப் பவர் கண்ணாடியோடு கிட்டத்தில் பார்த்துக்கொண்டே இருப்பதால் கண் மேலும் நீள்கிறது. கால் அல்லது அரை டயாப்டர் குறைத்துப் போட்டு, மங்கலின் விளிம்பில் நின்று தெளிவாகப் பார்க்க முயன்றால், கண்ணுக்குச் "சுருங்கு" என்ற சைகை போகும். சில மாதத்துக்கு ஒருமுறை இன்னும் கால் பவர் குறைத்துக்கொண்டே போகலாம்.

இதை அப்படியே தள்ளிவிட முடியாது. கோழிக்குஞ்சுகளுக்கு லென்ஸ் பொருத்திச் செய்த சோதனைகளில், படம் விழித்திரைக்கு முன்னால் விழுந்தால் கண்ணின் வளர்ச்சி மெதுவாகிறது, பின்னால் விழுந்தால் வேகமாகிறது என்பது திரும்பத் திரும்ப நிரூபணமானது. கண் தன் வளர்ச்சியைப் படத்தைப் பார்த்தே சரிசெய்துகொள்கிறது என்பது உண்மை.

ஆனால் மனிதரிடம் வந்தால் கதை மாறுகிறது. மலேசியாவில் 9 முதல் 14 வயதுள்ள 94 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முழுப் பவரும் இன்னொரு பிரிவுக்கு ஏறத்தாழ 0.75 டயாப்டர் குறைத்தும் கண்ணாடி கொடுத்தார்கள். 2002இல் வெளிவந்த முடிவு: இரண்டு ஆண்டில் முழுப் பவர் போட்டவர்களுக்கு 0.77 டயாப்டர் ஏறியது, குறைத்துப் போட்டவர்களுக்கு 1.00 ஏறியது. குறைக்க நினைத்தது கூட்டிவிட்டது. பிற்கால ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. என்றாலும், பவரைக் குறைத்துப் போட்டால் நல்லது நடக்கும் என்று ஒரு பிள்ளையை நம்பி இறக்கிவிடும் அளவுக்கு ஆதாரம் இல்லை. வளர்ந்தவரின் கண் மில்லிமீட்டர் கணக்கில் திரும்பச் சுருங்கியதாக, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவையும் வைத்துச் செய்த ஆய்வு எதுவும் காட்டியதில்லை. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்த நாளப் படலம் சற்றே தடிக்கும்தான், ஆனால் அது மைக்ரான் கணக்கு.

பிறகு ஏன் இத்தனை பேர் "எனக்கு ஒரு பவர் குறைந்தது" என்கிறார்கள்? பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிலருக்குத் தொடக்கத்திலேயே தேவைக்கு மேல் பவர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். சிலருக்குத் தசை இறுக்கம் சேர்ந்திருக்கும், அது தளர்ந்திருக்கும். மீதிப் பேருக்கு என் கதைதான்.

இந்த வழியில் நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு: கணினிக்குத் தனிக் கண்ணாடி. அறுபது சென்டிமீட்டரில் இருக்கும் திரைக்கு முழுத் தூரப் பவர் தேவையில்லை. பரிசோதித்து எழுதி வாங்கினால், நாள் முழுக்கத் திரை பார்க்கும் பெரியவர்களுக்கு, முக்கியமாக நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, நெற்றிப்பொட்டு வலி நன்றாகக் குறையும். அது வசதிக்காக, நீளத்துக்காக அல்ல. அந்தக் கண்ணாடியோடு வண்டி மட்டும் ஓட்டக் கூடாது.

இருபது நிமிட இடைவேளை

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி உள்ள ஒன்றை, இருபது விநாடி பார்ப்பது. இருபது அடி என்றால் ஆறு மீட்டர். அந்தத் தூரத்தில் சிலியரி தசை ஏறக்குறைய முழுதாகத் தளர்கிறது. இது தொடுவது தசையை. கண்ணாடி அணிபவர், அணியாதவர் எல்லாருக்கும் பயன்படும். திரை பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, எரிச்சலுக்கு அதுவே பெரிய காரணம். அதனால் அந்த இருபது விநாடியில் நான்கைந்து முறை முழுதாக இமைமூடித் திறப்பது நல்லது. நீளம் கூடுவதை இது நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இடைவேளை என்று எழுந்து போனைக் கையில் எடுப்பவர்களுக்குத் தசைக்கும் பயனில்லை.

வெளிச்சமும் தூரமும்

நீளத்தை உண்மையாகவே தொடும் பழக்கம் என்று நான் நம்பிச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விளையாட நேரம் ஒதுக்கினார்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு, அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015இல் வெளிவந்த ஆய்வு. தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று நாடு தழுவிய திட்டமே நடத்துகிறது.

காரணம் ஓடியாடுவது அல்ல, வெளிச்சம். வீட்டுக்குள் பகலிலும் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தின் அலகு) இருக்கும். வெளியில் சாதாரணமாகப் பத்தாயிரத்தைத் தாண்டும், மர நிழலில்கூடச் சில ஆயிரம் கிடைக்கும். பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது கண்ணின் நீள வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்பதே இப்போது அதிகம் ஏற்கப்படும் விளக்கம். ஆகவே தொப்பி போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தாலும் பயன் உண்டு. சன்னலோர மேசை நல்லதுதான், ஆனால் சன்னலைவிட்டு இரண்டடி உள்ளே வந்தாலே வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். அதை வெளியில் இருந்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

எல்லையும் சொல்லிவிட வேண்டும். வெளிச்சம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுவதில் வலுவாக இருக்கிறது. வந்த பிறகு ஏறும் வேகத்தைக் குறைப்பதில் அதன் கை அவ்வளவு ஓங்கி இல்லை. வந்ததைத் திருப்பி அனுப்பாது.

இதோடு சேர்ந்து வருவது படிக்கும் தூரம். சிட்னியில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், முப்பது சென்டிமீட்டருக்கும் நெருக்கமாகப் புத்தகத்தை வைத்துப் படிப்பவர்களுக்கும், அரை மணிக்கு மேல் நிறுத்தாமல் படிப்பவர்களுக்கும் கிட்டப்பார்வை அதிகம் இருந்தது. எது காரணம், எது விளைவு என்று அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆனாலும் மாற்றிக்கொள்வதில் நட்டம் எதுவும் இல்லை. முஷ்டியைக் கன்னத்தில் வைத்தால் முழங்கை எங்கே நிற்கிறதோ, அவ்வளவு தள்ளிப் புத்தகம் இருந்தால் சரி. படுத்துக்கொண்டு போன் பார்க்கும்போது இந்த அளவு கை தளரத் தளரச் சுருங்கிக்கொண்டே வரும். கவனித்துப் பாருங்கள், பத்தே நிமிடத்தில் மூக்கருகே வந்திருக்கும்.

அப்படியானால் யார் எதை எடுப்பது?

இன்னும் கண்ணாடி போடாத சிறு பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், வெளிச்சம்தான். பெற்றோர் இருவரும் கண்ணாடி போட்டவர்கள் என்றால் இன்னும் கண்டிப்பாக. இரண்டு மணி நேரம் மொத்தமாகக் கிடைக்காவிட்டால் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று துண்டு துண்டாகவாவது வெளியே அனுப்புங்கள். ஒரு பிள்ளைக்குப் பவர் ஏறத் தொடங்கிவிட்டது, ஆண்டுக்கு அரை டயாப்டர் அல்லது அதற்கு மேல் போகிறது என்றால், பழக்கத்தை மட்டும் நம்பி நாள் கடத்தக் கூடாது. குறைந்த அடர்த்தி அட்ரோபின் சொட்டு, ஓரங்களில் வேறு பவர் வைத்த தனி லென்ஸ்கள், இரவில் மட்டும் போடும் ஆர்த்தோ-கே கான்டாக்ட் லென்ஸ் என்று ஏறும் வேகத்தைக் குறைக்கச் சோதித்துப் பார்த்த வழிகள் இருக்கின்றன. அதைக் கண் டாக்டரிடம் பேசுங்கள். மைனஸ் 6 என்ற அளவைத் தாண்டினால் விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய் போன்ற ஆபத்துகள் கூடுவதால், பிள்ளைப் பருவத்தில் தடுக்கும் ஒவ்வொரு டயாப்டரும் பெரியது.

பெரியவர்களுக்கு என் தேர்வு வேறு. பவர் நின்றுவிட்டது என்றால் முழுப் பவர் கண்ணாடியைத் தூரத்துக்கு வைத்துக்கொண்டு, திரைக்குத் தனிக் கண்ணாடி, இருபது நிமிட இடைவேளை, தினமும் கொஞ்சம் வெளி வெளிச்சம். மாலையானால் தலைவலி, திரையிலிருந்து நிமிர்ந்தால் சில நிமிடம் தூரம் மங்கல் என்று இருப்பவர்களுக்குப் பவரே கொஞ்சம் குறையவும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அவர்களிடம் இருப்பதில் ஒரு பங்கு தசை இறுக்கம். கண்ணாடியையே கழற்றிவிட்டு மங்கலில் நடமாடும் வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சாலையைக் கடக்கும்போது மூளையின் ஊகம் போதாது.

தொடங்குவதற்கு முன் ஓர் அளவு எடுத்துவிடுங்கள். சொட்டு மருந்து விட்டு சிலியரி தசையைத் தளர்த்திப் பவர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உண்மைப் பவர் எது, தசை சேர்த்த பவர் எது என்று பிரித்துக் காட்டுவது அதுதான். அன்று முழுக்கக் கண் கூசும், கிட்டத்தில் மங்கும், வண்டி ஓட்ட முடியாது, அதனால் வேலை இல்லாத நாளாகப் போங்கள். வசதி இருந்தால் கண்ணின் நீளத்தையும் அளந்து எழுதி வாங்குங்கள். வீட்டில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடி, புத்தகத்தை மெல்லத் தள்ளிக்கொண்டே போய் எழுத்து மங்கத் தொடங்கும் இடத்தை டேப்பால் அளங்கள். 100ஐ அந்தச் சென்டிமீட்டரால் வகுத்தால் பவர் ஏறத்தாழ வரும்: 50 என்றால் 2, எனக்கு வரும் 36 என்றால் 2.75. காலையில் ஒருமுறை, திரை வேலை முடிந்த மாலையில் ஒருமுறை எடுத்து ஒரு மாதம் எழுதிவையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி நிறைய இருந்தால், அது தசை இறுக்கமாக இருக்கலாம் என்று டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

இடையில் எப்போதாவது கண்ணுக்குள் திடீரென்று மின்னல் வெட்டியது போலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல மறைத்தாலோ, எந்தப் பயிற்சியும் செய்துகொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.