பரந்தனில் எடுத்த குழுக்கடன்: என் அனுபவம்

தையல் மெஷின் வாங்க எடுத்த கடன் இது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஐந்து பெண்கள் ஒரு குழு; ஒருத்திக்கு மற்ற நால்வரும் பிணை. ஈடு கேட்கவில்லை, மூன்றே நாளில் காசு கையில். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வசூல் செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் நூறு இருநூறு போட்டுச் சமாளித்தோம். அப்புறம் வெள்ளத்தில் மூன்று பேரின் வயலும் ஒன்றாகப் போனது. மிச்ச இருவரும் ஐந்து பேருக்கும் கட்ட வேண்டுமாம். வசூலிக்க வந்த தம்பி காசு கிடைக்கும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. தேத்தண்ணி மட்டும் இரண்டு தரம் குடித்தார். என் தோடு அடகுக்குப் போனது.

கம்பஸில் பொருளியல் படிக்கும் மகள் சொன்னாள்: பேராசிரியர் டாரன் அசெமோக்லுவும் வேறு இருவரும் 2015இல் வங்கிகளைப் பற்றி இதைத்தான் எழுதினார்களாம். விழும் அடி சிறிதென்றால் வங்கிகளுக்கு இடையிலான நெருக்கமான பிணைப்பு அதைப் பகிர்ந்து தாங்கும். ஓர் அளவைத் தாண்டினால் அதே பிணைப்பே நட்டத்தை எல்லோருக்கும் கடத்தும்.

எடுப்பதென்றால், ஐவரும் வயலையே நம்பியிருக்கும் குழுவில் சேராதீர்கள். கடைக்காரி ஒருத்தி, கோழி வளர்ப்பவள் ஒருத்தி இருக்கட்டும். வட்டியையும் முதலே கேளுங்கள். எனக்குத் தந்த அட்டையில் கிழமைத் தவணை மட்டும்தான் இருந்தது.