நான்கு வருடக் கிளஸ்டர் அனுபவம்: ஃபெயில்ஓவரை க்ளையண்ட் மெஷினில் உட்கார்ந்து பாருங்கள்

எங்கள் அலுவலகத்தில் இரண்டு சர்வர் கொண்ட லினக்ஸ் கிளஸ்டர் ஒன்றை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். எது எந்த சர்வரில் ஓட வேண்டும் என்று முடிவெடுக்க பேஸ்மேக்கர், சர்வர்கள் ஒன்றோடொன்று பேச கோரோசிங்க், டிஸ்கை இரண்டிலும் ஒரே மாதிரி வைக்க டிஆர்பிடி, இந்த மூன்றும் அடித்தளம். அதன் மேல் 40 டெஸ்க்டாப்களின் ஹோம் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகக் கொடுக்க என்எஃப்எஸ், கணக்குப் பிரிவின் மென்பொருளுக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஒரு நோடு (சர்வர்) விழுந்தால் இரண்டுக்கும் பொதுவான ஐபி முகவரியும் வேலையும் மற்றதற்குத் தாவும், இதுதான் ஃபெயில்ஓவர். இதை நிறுவுவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது சோதிப்பது பற்றி.

முதல் வருடம் முழுக்க என் சோதனை ஒன்றே ஒன்றுதான். ஓடுகிற நோடை ஸ்டாண்ட்பையில் போடுவேன் (வேலையை முறையாக மற்றதிடம் ஒப்படைக்கச் சொல்வது), எத்தனை பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சின்னச் செய்தி) தவறுகிறது என்று எண்ணுவேன். ஆறோ ஏழோ போகும். சரி, நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். ஒருநாள் கணக்குப் பிரிவு அக்கா கேட்டார்: “நேத்து சாயங்காலம் ஏதாவது பண்ணீங்களா தம்பி? ரெண்டு நிமிஷம் ஒரு ஃபைலும் திறக்கலை.”

அன்று இரவே அவருடைய டெஸ்க்டாப்பில் உட்கார்ந்தேன். என்எஃப்எஸ் ஃபோல்டரில் விநாடிக்கு ஒருமுறை நேரத்தை எழுதிச் சேர்க்கும் சின்ன ஷெல் லூப் ஒன்றை ஓடவிட்டு, நோடை ஸ்டாண்ட்பையில் போட்டேன். பிங் வழக்கம்போல ஏழுதான் தவறியது. கோப்பைத் திறந்தால் 22:14:07-க்கு அடுத்த வரி 22:15:49. அக்கா சொன்னது அப்படியே உண்மை.

என்எஃப்எஸ் பதிப்பு 4-இல், சர்வர் எழுந்ததும் பழைய க்ளையண்டுகள் (அதைப் பயன்படுத்தும் டெஸ்க்டாப்கள்) தங்கள் லாக்குகளை, அதாவது கோப்புப் பூட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுக்கும். லினக்ஸில் அது 90 விநாடி. அது முடியும்வரை புதிதாகக் கோப்பைத் திறப்பவர்கள் காத்திருக்க வேண்டும். பிங்குக்கு இதெல்லாம் தெரியாது. லீஸ் (க்ளையண்டின் பூட்டு செல்லும் காலம்), கிரேஸ் (இந்த அவகாசம்) இரண்டையும் 20 விநாடிக்குக் குறைத்தேன், இடைவெளி அரை நிமிடத்துக்கு வந்தது. காத்திருப்பைத் தவிர்க்க, சர்வர் பதில் தராவிட்டால் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடும் சாஃப்ட் மவுன்ட் போடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது பிழை வந்து கோப்பு பாதியில் கெட்டுப்போகும். ஹார்ட் மவுன்ட் பொறுமையாக நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இரண்டாம் வருடம்தான் பவர் கேபிளைப் பிடுங்கிப் பார்க்கும் தைரியம் வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, முதல் சர்வரின் இரண்டு பவர் சப்ளையையும் உருவினேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகியும் இரண்டாவது நோடு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. லாகில் ஃபென்சிங் (மற்ற நோடைக் கட்டாயமாக அணைத்து ஒதுக்குவது) தோல்வி, ஃபென்சிங் தோல்வி என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. யோசித்தால் புரிகிறது. உயிரோடிருக்கும் நோடு, மற்றது செத்துவிட்டது என்று உறுதி செய்யாமல் டிஸ்கைத் தொடாது. தொட்டால் இருவரும் ஒரே நேரத்தில் எழுதி டேட்டா நாசமாகும். அந்த உறுதியை நான் ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்க உதவும் வசதி) வழியாக வாங்க வைத்திருந்தேன். ஐபிஎம்ஐ சிப் இருப்பதோ அதே சர்வரின் மதர்போர்டில். கரண்ட் போனால் அதுவும் போச்சு, பதில் சொல்ல ஆள் இல்லை. ரேக்கில் நெட்வொர்க் வழியாக அணைக்கக்கூடிய பிடியு (சர்வர்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பிளக் பலகை) ஒன்றை மாட்டி, அதை இரண்டாம் நிலை ஃபென்சிங்காகச் சேர்த்த பிறகுதான் இது சரியானது. ஒரு வருடம் ஸ்டாண்ட்பை சோதனையில் பாஸாகிக்கொண்டே இருந்த கிளஸ்டர், உண்மையில் கரண்ட் போயிருந்தால் அசையாமல் நின்றிருக்கும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அதே பவர் சோதனையை மறுபடி செய்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கேபிளை உருவிய நேரத்தில் ஒரு டெஸ்க்டாப்பில் பெரிய ரிப்போர்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஃபெயில்ஓவர் முடிந்து மற்றவர்கள் வேலை பார்க்கத் தொடங்கியும் அந்தத் திரை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. டேட்டாபேஸுக்குக் கேள்வியை அனுப்பியாயிற்று, பழைய சர்வர் அதைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புகையும் கொடுத்தாயிற்று. இனி க்ளையண்ட் அனுப்ப எதுவும் இல்லை, காத்திருக்கும் வேலைதான். எதிர்முனை இருக்கிறதா என்று அது தட்டிப் பார்ப்பது டிசிபி கீப்அலைவ் வரும்போதுதான். லினக்ஸில் அதன் இயல்பு மதிப்பு 7200 விநாடி. இரண்டு மணி நேரம்! ஸ்டாண்ட்பையில் இது தெரியாது, ஏனென்றால் போஸ்ட்கிரெஸ் முறையாக நின்று இணைப்பை மூடிவிடும். டேட்டாபேஸ் இணைப்பு வரியில் கீப்அலைவை 30 விநாடியாக்கினேன். இப்போது தட்டிப் பார்த்ததும், புதிய நோடு ‘இப்படி ஒரு இணைப்பே என்னிடம் இல்லை’ என்று அறுத்துவிடுகிறது. பயனருக்குப் பிழைச் செய்தி வருகிறது, மறுபடி ஓட்டிக்கொள்கிறார்.

கைரேகை வருகைப்பதிவு எந்திரம் வேறு வகை. ஐபி தாவும்போது புதிய நோடு தன் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஏஆர்பி என்ற அறிவிப்பு மூலம் எல்லோருக்கும் சொல்லும். டெஸ்க்டாப்கள் கேட்டுக்கொண்டன, இது கேட்கவில்லை. பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அதைத் தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்) போட்டேன். இப்போது அது பேசுவது ரௌட்டரோடு மட்டும், அந்த மேக் மாறுவதில்லை.

பேஸ்மேக்கரின் லாகைப் படிப்பது இன்றும் சிரமம்தான், ஆனாலும் நான் இதை விட்டு மாறப்போவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பவர் பிடுங்கும் சோதனை நடக்கிறது. டெஸ்க்டாப் ஒன்று, ஓடுகிற ரிப்போர்ட் ஒன்று, கைரேகை எந்திரம், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் நேரம் குறிக்கிறார். கடைசி முறை கோப்பில் இருந்த இடைவெளி 58 விநாடி. அடுத்த முறை இரண்டு சர்வரையும் இணைக்கும் ஸ்விட்ச்சையே அணைத்துப் பார்க்கப் போகிறோம்.